பதினான்கு பித்தப்பைகள்

தாரிகா சத்திரசிகிச்சை படிக்கத் தொடங்கிய நேரத்தைப்போல ஒரு நாசமாய்ப்போன நேரம் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு தை மாதம், கொழும்பிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி ரெஜிஸ்ட்ராராகச் சேர்ந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அந்த வருடம் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே கதைதான். பொல்லாத நுழைவுச் சோதனையை இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணியவள். ‘மகள் இனிச் சேர்ஜன்’ என்று அவளுடைய அம்மா பத்மாவதி வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறிக்காரன் வரைக்கும் சொல்லி முடித்திருந்தார். பிள்ளை கத்தியைக் கையில் எடுத்து இரண்டு மாதம்கூடச் சரியாக ஆகவில்லை, மார்ச் வந்தது, ஊரடங்கும் வந்தது.

அவசரமில்லாத ஒப்பரேஷன் எல்லாவற்றையும் நிற்பாட்டு என்று உத்தரவு. ஹேர்னியா காத்திருக்கும், தைரொயிட் கட்டி காத்திருக்கும், பித்தப்பைக் கல்லும் காத்திருக்கும் என்றார்கள். கல் காத்திருக்கும்தான், கல்லுக்கென்ன வந்தது! எல்லாவற்றுக்கும் முதல் நின்றது கமெரா ஒப்பரேஷன். வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, உள்ளே வாயுவை நிரப்பி, ஒருவர் கமெராவைப் பிடிக்க, மற்றவர் திரையைப் பார்த்தபடி நீளமான கருவிகளால் பித்தப்பையைக் கழற்றி எடுக்கிற வேலை அது. அந்த வாயுவோடு கொரோனாக் கிருமியும் வெளியே வரும் என்று பயந்தார்கள். பயம் சரியோ பிழையோ, தாரிகா அந்த வருடம் பழகியிருக்கவேண்டிய வேலையே அதுதான்.

பழகியது வேறு. கத்தி பிடிக்க வந்தவளின் கையில் பஞ்சுக்குச்சியைக் கொடுத்தார்கள், மூக்குக்குள் விட்டுச் சுழற்றி எடுக்கிற குச்சி. ஒரு நாளைக்கு நூற்றைம்பது மூக்கு. பிறகு ஒட்சிசன் வாட்டு. பிளாஸ்டிக் அங்கிக்குள் வியர்த்து வடிந்துகொண்டே, ‘அப்பா எப்பிடி இருக்கிறார்?’ என்று தொலைபேசியில் அழுகிற பிள்ளைகளுக்குப் பதில் சொல்லப் பழகினாள். அதில் அவளைப்போலக் கெட்டிக்காரி இல்லை என்று நேர்ஸ்மார் மெச்சினார்கள். கேட்டவளுக்கு அழுகைதான் வந்தது. அந்தக் கெட்டித்தனத்துக்கு எந்தச் சோதனையிலும் புள்ளி இல்லை.

வீட்டுக்கு வந்தும் சும்மா இருந்தவளில்லை. சப்பாத்துப் பெட்டியில் துளை போட்டு, உள்ளே கைத்தொலைபேசியைக் கமெராவாக வைத்து, நீளக் கருவியால் கச்சான் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பைக்குள் போடுவாள். சாப்பாட்டு மேசையில் கோழித்தொடையைக் கிடத்தி, தோலை வெட்டித் தைப்பாள், பிரித்துப்போட்டுத் திரும்பத் தைப்பாள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா மேசையிலை கோழி,” என்று பத்மாவதி புறுபுறுப்பார். “தைச்சு முடிஞ்சால் இதைச் சமைக்கிறதோ, எறியிறதோ?”

“எறியுங்கோ அம்மா. உள்ளுக்கை நூல் கிடக்கு.”

“கோழி விக்கிற விலைக்கு, நீ சேர்ஜனா வாறதுக்கிடையிலை நாங்கள் பட்டினிதான்.”

இருவரும் சிரிப்பார்கள். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது. ஆனால் கோழித்தொடை இரத்தம் விடாது, மூச்சு விடாது, பிழைவிட்டால் செத்தும் போகாது. தாரிகாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

இந்தப் படிப்பில் லொக்புக் என்று ஒன்று இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் நின்ற ஒவ்வொரு ஒப்பரேஷனையும் அதில் எழுதவேண்டும். எழுதிவிட்டு, பார்த்தது, உதவியது, செய்தது என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் அடையாளமிடவேண்டும். பக்கத்தில் கொன்சல்டன்ட், அதாவது அந்த வாட்டின் தலைமைச் சேர்ஜன், கையெழுத்து வைக்கவேண்டும். கமெரா வழியாக எடுத்த பித்தப்பை குறைந்தது பன்னிரண்டாவது ‘செய்தது’ கட்டத்தில் இல்லாவிட்டால் இறுதிச் சோதனைக்கு விண்ணப்பிக்க ஏலாது. உலகமே தலைகீழாகப் புரண்டது, அந்தப் பன்னிரண்டு மட்டும் அசையவில்லை. விதியைத் தளர்த்துவார்கள் என்று ஒரு கிழமை கதை அடிபட்டது, அடுத்த கிழமை அந்தக் கதையும் செத்துவிட்டது.

அலைக்கும் அலைக்கும் இடையில் ஒப்பரேஷன் தியேட்டரைக் கொஞ்ச நாள் திறப்பார்கள். காத்திருக்கிற நோயாளிகளோ நூற்றுக்கணக்கில், கிடைக்கிற நேரமோ கையளவு. ஒரு பித்தப்பையைக் கொன்சல்டன்ட் நாற்பது நிமிடத்தில் எடுப்பார். பழகுகிற பிள்ளையின் கையில் கொடுத்தால் இரண்டு மணித்தியாலம். பழக்கிக்கொண்டிருந்தால் மற்ற நோயாளி வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். அதனால் கொன்சல்டன்ட் செய்தார், தாரிகா கமெரா பிடித்தாள். இரண்டாயிரத்து இருபத்தொன்று முடியப்போகிற நேரம் எண்ணிப் பார்த்தாள். கமெரா பிடித்தது பதினான்கு, தன் கையால் செய்தது ஒன்றுமில்லை.

அவளுடைய கொன்சல்டன்ட் டொக்டர் ஸ்ரான்லி கொட்டாஞ்சேனைக்காரர். அறுபதைத் தொட்டவர், மெல்பேர்னில் இருக்கிற மகளிடம் நிரந்தரமாகப் போவதற்கு விசா வந்துவிட்டது. போகமுதல் தன் கீழே பயிற்சி பெற்ற எல்லோருடைய லொக்புக்கையும் பார்த்து முடிக்கவேண்டும் என்று, நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில் தாரிகாவை வீட்டுக்குக் கூப்பிட்டார். மனைவி கேக்கும் தேத்தண்ணியும் வைத்துவிட்டுப் பெட்டி கட்டப் போனார்.

“எத்தினை பித்தப்பை, பிள்ளை?”

“கமெரா பிடிச்சது பதினாலு, சேர்.”

“செய்தது?”

தாரிகா கேக்கைப் பார்த்தாள். ஸ்ரான்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எழுது. பதினாலும் செய்தது எண்டு எழுது. நான் சைன் வைக்கிறன்.”

“சேர், நான் செய்யேல்லையே.”

“செய்யாமல் விட்டது உன்ரை பிழையோ? ரெண்டு வருசம் உன்னைக் கொண்டுபோய்ப் பிரேதம் சுத்த விட்டவங்கள். நீ படிக்கவேண்டிய வருசத்தை ஆர் திருப்பித் தரப்போறாங்கள்? சொல்லு!” அவருடைய குரல் உடைந்தது. “பயப்பிடாதை. நாலு பேருக்கு இதைத்தான் செய்துவிட்டனான். இந்தப் புத்தகம் கந்தோரிலை அலுமாரியிலை வைக்கிறதுக்கு. எங்கை போனாலும் முதல் பத்துக்கு ஒரு கொன்சல்டன்ட் உனக்குப் பக்கத்திலை நிப்பார். உன்னைத் தனிய விடமாட்டினம். அப்ப பழகிக்கொள்.”

சும்மா சொல்லக்கூடாது, கெட்ட மனுசனில்லை. பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோலத்தான் செய்தார். அதுதான் கேடாய்ப் போனது. கெட்டவன் சொல்லியிருந்தால் தாரிகா எழுந்து போயிருப்பாள். அந்த மேசையிலேயே பேனையை எடுத்துப் பதினான்கு தரம் அடையாளமிட்டாள். ஸ்ரான்லி பதினான்கு தரம் கையெழுத்து வைத்தார். பிறகு, “கேக்கைச் சாப்பிடு, பிள்ளை,” என்றார்.

தை மாதம் அவர் விமானமேறினார். அவர் சொன்ன ‘பக்கத்தில் நிற்கிற கொன்சல்டன்ட்’ வரவேண்டிய வருடத்தில் நாட்டில் பெற்றோல் இல்லை, மயக்க மருந்து இல்லை, தையல் நூல் இல்லை. போகக்கூடிய டொக்டர் எல்லாம் அரக்கப்பரக்க வெளிநாடு போனார்கள். அந்தப் பத்து மாதமும் தாரிகா வெட்டியது அவசரத்துக்கு வருகிற அப்பெண்டிக்ஸும் சீழ்க்கட்டியும்தான். கமெராத் தியேட்டர் பக்கமே போகவில்லை. ஒக்டோபரில் அதைத் திரும்பத் திறந்தபோது இரண்டு தியேட்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு கொன்சல்டன்ட் இருந்தார், டொக்டர் மஜீட். இருந்த ஒருவரையும் குறை சொல்லி என்ன செய்வது, மனுசன் மத்தியானம் சாப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது.

திறந்த கிழமையே வந்தவர்தான் செல்லையா.

செல்லையாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு ஜிந்துப்பிட்டி, வேலை பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி சுமப்பது. இருபதாம் ஆண்டு மாசி மாதமே அவருடைய பித்தப்பையில் கல் இருப்பதைக் கண்டுபிடித்தாயிற்று. முதலாவது திகதி மார்ச் இருபத்திநாலு, ஊரடங்கு. இரண்டாவது ஒக்டோபர், மீன் சந்தையில் கொரோனா என்று சந்தையையே மூடி, செல்லையாவையும் பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாவது, நாலாவது அடுத்த வருடம், அதுவும் போச்சு. ஐந்தாவது திகதியன்று மயக்க மருந்து இல்லை. ஒவ்வொரு தரமும் கிளினிக் யன்னலில் நின்று, “ஆயெ கவத்த என்ன ஓனே, மிஸ்?” என்று சிங்களத்தில் கேட்டு, திரும்ப எப்போது வருவது என்ற திகதியைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு போவார். இடையிலே ஏழெட்டுத் தரம் வயிற்றுவலி வந்து துடித்து, ஊசி போட்டு அனுப்பினார்கள். இப்படி இரண்டரை வருடத்துக்கு மேல் வெந்து வெந்து ஆறிய பித்தப்பை எப்படி இருக்கும் என்று தாரிகாவுக்குப் புத்தகத்தில் தெரியும்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் காலை மஜீட் வாட்டைச் சுற்றி வந்தார். மறுநாள் பட்டியலைப் பார்த்தார், தாரிகாவின் லொக்புக்கை வாங்கிப் புரட்டினார்.

“பதினாலு செஞ்சிருக்கீங்க. ஸ்ரான்லி சேர்ட சைன். நல்லம்.” புத்தகத்தை மூடினார். “அப்ப செல்லையாவ நீங்க செய்ங்க, டொக்டர். நான் பக்கத்துத் தியேட்டர்ல கேன்சர் கேஸ் ஒண்டு செய்றன். கஷ்டமெண்டா கூப்பிடுங்க.”

தாரிகா புத்தகத்தைத் திரும்ப வாங்கினாள். இப்போது சொல்லிவிடவேண்டும். ‘சேர், அதெல்லாம் கமெரா பிடிச்சது. ஒண்டுகூட நான் செய்யேல்லை.’ இரண்டே வசனம். ஆனால் அந்த இரண்டு வசனத்தோடு ஸ்ரான்லியின் பெயர் நாறும். மற்ற நாலு பேரின் புத்தகத்தையும் தோண்டுவார்கள். அவளுடைய மூன்று வருடமும் போகும், இறுதிச் சோதனையும் போகும். வெள்ளவத்தை முழுக்கச் சொல்லிவைத்த அம்மா அதே சந்தைக்குப் போய் மரக்கறிக்காரனின் முகத்தில் முழிக்கவேண்டும். மஜீட் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

“ஓம் சேர்,” என்றாள் தாரிகா.

பின்னேரம் நோயாளி பார்க்கிற நேரம், சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போனாள். செல்லையா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி இராமலெட்சுமி பக்கத்தில் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். புறக்கோட்டை மொத்தக்கடை ஒன்றில் வெங்காயம் தெரிவு செய்கிற வேலை அவளுக்கு.

“நான்தான் செய்யப்போறன், ஐயா. இதிலை கையெழுத்து வையுங்கோ.”

செல்லையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதைக் குறைவாக இல்லை, சிரித்தபடிதான் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்க டொக்டரம்மா. எங்க சந்தையில புதுசா கத்தி புடிக்கிறவனுக்கு மொதல்ல சாளையத்தான் குடுப்பாங்க. கெலவல்லாவ வெட்ட விடமாட்டாங்க. பெரிய மீனு, ஒரு வெட்டு தப்புனா மொதலாளிக்குப் பெரிய நட்டம். அதான் கேக்குறேன். இந்த ஒப்பரேசன நீங்க எத்தன பேருக்குப் பண்ணியிருக்கீங்க?”

“சும்மா இருங்களேன்! டொக்டரப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?” என்று இராமலெட்சுமி வெட்கப்பட்டாள்.

சொல்லியிருக்கலாம். அங்கே மஜீட் இல்லை, கந்தோர் இல்லை. கேட்கிற உரிமை உலகத்திலேயே அதிகமாக உள்ள மனுசன், கேட்கவேண்டிய கேள்வியைத் துல்லியமாகக் கேட்டார்.

“பதினாலு,” என்றாள் தாரிகா.

“கேட்டுக்கிட்டீங்களா? பதினாலு!” என்றாள் இராமலெட்சுமி. செல்லையா வணங்கிவிட்டு, தமிழில் தன் பெயரை நிதானமாக எழுதினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரை மேசையில் கிடத்தினார்கள். ஈரலிலிருந்து ஒரு பெரிய குழாய் குடலுக்கு வருகிறது. பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் அதில் போய்ச் சேர்கிறது. சின்னதை வெட்டவேண்டும், பெரியதைத் தொடவே கூடாது. நல்ல பித்தப்பையில் இரண்டும் தெளிவாகத் தெரியும். செல்லையாவின் வயிற்றுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, இறுகி, ஒரே தழும்பாக இருந்தது. திரையில் தாரிகா முன்பு பார்த்த பதினான்கில் ஒன்றுகூட இப்படி இல்லை. இந்த இடத்தில் ஸ்ரான்லி என்ன செய்வார் என்று யோசித்தாள். கருவியால் மெல்ல இழுத்து, நிறுத்தி, விட்டு, திரும்ப இழுப்பார். எவ்வளவு இழுத்தால் சதை எவ்வளவு கொடுக்கும் என்பது இழுத்த கைக்குத்தான் தெரியும், கமெரா பிடித்த கைக்குத் தெரியாது.

ஒரு மணித்தியாலம் போனது. ஒரு குழாயும் பிரிந்து வரவில்லை. தியேட்டர் நேர்ஸ் மெதுவாக, “சேர்ட்ட கதா கரண்ணத, டொக்டர்?” என்று கேட்டார். சேரைக் கூப்பிடட்டா என்று கேட்கிற அந்தக் குரலில் குத்தல் ஏதுமில்லை, அக்கறைதான்.

கூப்பிட்டிருக்கவேண்டும். பழகுகிறவள் கூப்பிடுவாள், அதில் வெட்கமில்லை. ஆனால் பதினான்கு செய்தவள் இந்த இடத்தில் கூப்பிடமாட்டாள். ஏன் கூப்பிட்டாய் என்று மஜீட் ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வையிலேயே எல்லாம் வெளிச்சமாகிவிடும்.

“பொட்டக் இன்ன, மிஸ்,” என்றாள். கொஞ்சம் பொறுங்கோ.

கடைசியில் ஒரு குழாய் பிரிந்து தெரிந்தது. இதுதான் என்று மனம் சொன்னது. இதுவாகவே இருக்கவேண்டும் என்று கெஞ்சியது என்பதுதான் சரி. இரண்டு பக்கமும் கிளிப் போட்டாள், வெட்டினாள். பித்தப்பையை இன்னும் கொஞ்சம் தூக்கியபோது, அதற்குப் பின்னால் வேறொரு சின்னக் குழாய் முழுசாக, தொடாமல் இருந்தது. வெட்டியது பெரியதை. அதற்கும் மேலே, ஈரலின் அடியிலிருந்து, மஞ்சள் பச்சையாகப் பித்தம் ஊறி வந்தது. கழுவிப் பார்த்தாள், திரும்பவும் வந்தது.

“சேரைக் கூப்பிடுங்கோ!” என்று தமிழிலேயே கத்தினாள். நேர்ஸுக்கு விளங்கியது.

மஜீட் வந்து ஒரு நிமிடம் திரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. “வயித்தத் திறப்பம்,” என்றார். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு முப்பத்தேழு நாள். குழாயைத் திரும்ப இணைக்க வேறொரு ஆஸ்பத்திரியில் பெரிய ஒப்பரேஷன். அது கசிந்தது. காய்ச்சல், மஞ்சள், காய்ச்சல். விலாவிலே மூன்று ரப்பர்க் குழாயும் பையுமாகக் கிடந்த செல்லையாவைப் பார்க்கத் தாரிகா வேலை முடிந்து தினமும் பஸ் ஏறிப் போனாள். அவர் ஒரு நாளும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. “பழுதாப்போன பையி, நீங்க என்ன பண்ணுவீங்க டொக்டரம்மா,” என்றார். பெட்டி சுமந்த தோள் எலும்பும் தோலுமாகிவிட்டது. இராமலெட்சுமி கஞ்சி கொண்டுவருவாள், அதைத் திரும்பக் கொண்டுபோவாள். முப்பத்தெட்டாம் நாள் தாரிகா போனபோது கட்டிலில் வேறொருவர் கிடந்தார்.

மரணத்தைப் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். இரண்டரை வருடத் தாமதம், மோசமான தழும்பு, உலகமெங்கும் நடக்கக்கூடிய விபத்து என்று பேசினார்கள். ‘செய்த டொக்டருக்கு இதற்கு முன் பதினான்கு ஒப்பரேஷன் அனுபவம், ஒன்றிலும் சிக்கல் இல்லை’ என்றும் எழுதினார்கள். ஒன்றிலும் சிக்கல் இல்லை! செய்திருந்தால்தானே சிக்கல் வருவதற்கு. செல்லையாவைக் கொன்ற பொய்யே அவளைக் காப்பாற்றியும் விட்டது. தாரிகா கூட்டம் முடிந்ததும் மஜீட்டின் அறைக்குப் பின்னாலேயே போனாள்.

“சேர், அந்தப் பதினாலைப் பற்றி உங்களோடை ஒண்டு கதைக்கவேணும்.”

மஜீட் கையை உயர்த்தினார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்கும் விளங்கியது.

“சொல்லவேணாம், டொக்டர். நீங்க சொன்னா நான் எழுதவேணும். நான் எழுதினா ஸ்ரான்லி சேர் சைன் வச்ச அஞ்சு பேரும் வீட்டுக்குப் போவாங்க. வெளியில பட்டியல்ல முந்நூறு பேர் நிக்கிறாங்க, வெட்ட ஆளில்ல.” நெற்றியைத் தேய்த்தார். “செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ரெண்டு பித்தப்பை. நான் பக்கத்தில நிக்கிறன்.”

இப்போது நிற்கிறாராம். தாரிகாவுக்கு அவரில் கோபம் வரவில்லை, யாரில் கோபிப்பதென்றே தெரியவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பத்மாவதி குழைத்துக் கையில் வைத்தாலும் இறங்கவில்லை. ஒரே ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டால் மூச்சு விடலாம் என்று நினைத்தாள். கேட்க உரிமையுள்ள ஒரே ஆள் ஜிந்துப்பிட்டியில் இருந்தாள்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனாள். முருகன் கோயிலைத் தாண்டி, சந்துக்குள் சந்தாக நுழைந்து, பொதுக்குழாயடியில் விசாரித்து, நெருக்கியடித்த வரிசை வீடுகளைக்கொண்ட தோட்டத்துக் கடைசி வீட்டைக் கண்டுபிடித்தாள். ஒரே அறை. சுவரில் செல்லையாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மாட்டியிருந்தார்கள். இராமலெட்சுமி பதறியடித்துக் கதிரையைத் துடைத்தாள்.

“டொக்டரம்மா! நீங்களா? வாங்க, வாங்க. எங்க வீட்டுக்கெல்லாம் ஒரு டொக்டர் வந்ததே இல்லயே.” பிளேன்டீ ஊற்றினாள். “கடைசி வரைக்கும் நீங்க ஒரு ஆளுதாம்மா தெனம் வந்து பாத்தீங்க. மககிட்டயும் சொல்லுவேன்.”

தாரிகா கோப்பையைத் தொடவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அம்மா, அண்டைக்கு ஐயா என்னட்டை எத்தினை பேருக்குச் செய்தனீங்கள் எண்டு கேட்டவர். நான் பதினாலு எண்டு சொன்னனான். அது பொய். ஒருத்தருக்கும் நான் செய்யேல்லை. கொரோனாவுக்குள்ளை எங்களை ஒருத்தரும் பழக்கேல்லை. புத்தகத்திலை மட்டும் எழுதினது. ஐயாதான் முதல் ஆள்.”

இராமலெட்சுமி தேத்தண்ணிக் கேத்தலைக் கீழே வைத்தாள். சண்டை பிடிப்பாள், மண்ணள்ளித் தூற்றுவாள், அடிப்பாள் என்றெல்லாம் எண்ணித்தான் தாரிகா வந்திருந்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தாள். இராமலெட்சுமியோ வாசல் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கி காலையில அவரு சட்டையப் போட்டுட்டாரு,” என்றாள்.

“எண்டைக்கு?”

“ஒப்பரேசன் அன்னைக்கி. வெள்ளனவே நான் போயிட்டேன். பாத்தா ஒப்பரேசன் உடுப்பக் கழட்டி வச்சிட்டு, சட்டையப் போட்டுக்கிட்டு, செருப்பத் தேடுறாரு. வேணாம் லெட்சுமி, மனசு சரியில்ல, வீட்டுக்குப் போயிரலாம்னு சொன்னாரு.” அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “நான்தான் டொக்டரம்மா புடிச்சு ஒக்கார வச்சேன். பதினாலு பேருக்குப் பண்ணுன கை, என்ன பயம் ஒங்களுக்கு, இத விட்டா இன்னும் ஒரு வருசம் கெடந்து துடிக்கணும்னு திட்டுனேன். சட்டையக்கூட நான்தான் கழட்டுனேன்.”

“அம்மா, பிழை என்னிலை. உங்களிலை இல்லை—”

“இல்ல. கேளுங்க. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. போகணும்னு கெளம்புன மனுசனை நான்தான் படுக்க வச்சிருக்கேன்.” இப்போதுதான் தாரிகாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். “நம்மளால முடிஞ்சத பண்ணுனோம், தலையெழுத்து எடுத்துக்கிட்டுப் போயிருச்சுன்னு நெனச்சுத்தான் இத்தன நாளு தூங்குனேன். இனிமே நான் எப்புடித் தூங்குறது? ஏம்மா இத எங்கிட்ட வந்து சொன்னீங்க?”

ஐயோ, தன் பாரத்தை இறக்க வந்தாள் என்பதுதான் உண்மை. இறக்கியதாக நினைத்ததும் இறங்கவில்லை, இராமலெட்சுமியின் தலையில் இன்னொரு பாரம் ஏறியதுதான் மிச்சம். தாரிகா இராமலெட்சுமியின் கையைப் பிடிக்கப் போனாள். இராமலெட்சுமி கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் ரதி, மருதானையில் துணிக்கடை வேலை முடிந்து வந்தாள். தாரிகாவை யாரென்று தெரியாமல் விழித்து, தாயைப் பார்த்தாள்.

இராமலெட்சுமி ஒரு நொடியில் முகத்தை முந்தானையால் துடைத்தாள். மகளுக்குத் தெரியக்கூடாது என்று அவளுடைய கண்கள் தாரிகாவிடம் கெஞ்சின. அப்பாவைப் படுக்க வைத்தது அம்மா என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு காலமும் தெரியவே கூடாது.

“அப்பாவுக்கு ஒப்பரேசன் பண்ணுன டொக்டரம்மா,” என்றாள். “சொல்லுவேனே, பெரிய அனுபவசாலின்னு. பதினாலு பேருக்குப் பண்ணுனவங்க.”

ரதி கைகூப்பினாள். “அப்பிடியா டொக்டர்?” என்று கேட்டாள்.

“ஓம்,” என்றாள் தாரிகா.